ஊவாத் தோட்டங்களில் திருச்சபையின் குரல்: பிரட்டுக்களம் முதல் முகநூல் வரை

சமூகத் தொடர்புச் சாதனங்கள் என்னும் தொடரைத் திருச்சபை வழக்கிற் கொணர்ந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கமாகும். 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிடப்பெற்ற அதன் ஆணையொன்று, அச்சு, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றை இப்பெயராற் சுட்டியது. முகநூலும் வாட்ஸ்அப்பும் அன்று எவர் கனவிலும் இருந்தில. இன்று ஊவாவின் சிற்றாலயம் ஒன்றிற்கும் முகநூற் பக்கம் இருக்கக்கூடிய நிலை தோன்றியுள்ளது. இச்சாதனங்களைத் திருச்சபைகள் எவ்வாறு நன்முறையிற் கையாளலாம் என்பது பலராலும் பேசப்படுகின்றது. ஆனால் அப்பேச்சுப் பெரும்பாலும் கருவியைப் பற்றியதாகவே முடிகின்றது. எந்தப் படத்தை எவ்வேளையில் இடுவது, எத்தனை பேர் பார்த்தனர் என்பன போன்ற கணக்குகளே அதில் மிகுதி. பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் பொறுத்தவரை இவ்வினாவுக்கு ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றினை நோக்குவார்க்கு, கருவியினும் முதன்மையான வினா ஒன்று தென்படும்: பேசுபவர் யார் விடையளிப்பில் பேசுகிறார், கேட்பவர் மறுமொழி கூற இடமுண்டா என்பதே அது.

ஊவாவின் சமுதாய அமைப்பை முதலிற் கருத்திற் கொள்ளல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்தின் மக்கள் எட்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். அவருட் பத்தில் ஏழு பங்கிற்கு மேற்பட்டோர் பௌத்தர். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் இந்துக்கள். முஸ்லிம்களை அடுத்து எஞ்சும் கிறித்தவர் மிகச் சிறு தொகையினரே. அச்சிறு தொகையினருள்ளும் சிங்களவர், தமிழர், பறங்கியர் என்ற பிரிவுகளும், அங்கிலிக்கன், மெதடிஸ்தம், கத்தோலிக்கம், புதிய சுவிசேஷ சபைகள் என்ற பிரிவுகளும் உள. இத்தகைய சூழலில் ஒரு சபை தன் மக்களை நோக்கிப் பேசுவதாக எண்ணிப் பேசினும், அதனைப் பிறரும் கேட்டுக்கொண்டிருப்பர்.

தோட்டத் தமிழரிடையே கிறித்தவப் பிரசாரம் ஒழுங்கான முறையில் ஆரம்பித்தது 1854இலாகும். கோப்பித் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியாலும் பணவுதவியாலும் தோன்றிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ சேர்ச் மிஷனறிச் சங்கத்தின் மேற்பார்வையில் இயங்கியது. ஐரோப்பிய மிஷனறிமாரின் செலவைச் சங்கம் ஏற்றது. உபதேசிமாரின் சம்பளத்தைத் துரைமாரிடம் திரட்டிய நிதி ஏற்றது. உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். மிஷனின் பெயரே அதன் மனப்பாங்கினைக் காட்டுவது. தான் சேவை செய்ய வந்த மக்களை அவர்கள் ஊராலோ மொழியாலோ மட்டும் அழையாது, அவர்களை இழிவுபடுத்திய தொழிற் பெயரையும் சேர்த்தே அது தன்னைப் பெயரிட்டுக்கொண்டது. ஒரு சபை தன் பக்கத்துக்கு இடும் பெயரே அதன் முதற் பிரசங்கம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

அம்மிஷனின் தொடர்பு முறை கவனத்துக்குரியது. விடியற்காலையில் தப்பு அடித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைப்பது தோட்ட வழக்கம். பேர் பதிந்து, வேலை பங்கிடும் அவ்விடத்திலேயே துரையின் அனுமதியோடு உபதேசியார் பேசினார். கூட்டம் தேடவேண்டிய சிரமம் இல்லை. அது ஏற்கெனவே வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தது. விலகிச் செல்லவோ எதிர்த்துக் கேட்கவோ முடியாத நிலையில், கங்காணியின் கண்ணெதிரே நின்ற மக்கள் அமைதியாகக் கேட்டனர். அவ்வமைதியைச் செவிசாய்த்தல் என்று அறிக்கைகளில் எழுதுவது எளிது. அவ்வறிக்கைகளோ ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டன. பணம் கொடுத்தோரின் பெயர்ப் பட்டியலும் அவற்றில் இடம்பெற்றது. தோட்ட மக்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தோட்ட மக்கள் படித்திலர். இன்றைய சொல்லில் உரைப்பின், பேசப்பட்டோர் வேறு, பார்வையாளர் வேறு.

இவ்வாறு கூறுவதனால் உபதேசிமாரின் பணியைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. பகலிற் பிரட்டுக்களத்திற் பேசிய அதே மனிதர் மாலையில் லயத்துக்குச் சென்றார். லயத்து வாசலில் அவரிடம் வாதாடலாம், நகைக்கலாம், எழுத்தறிந்தவர் என்பதனாற் கடிதம் ஒன்று எழுதித் தருமாறும் கேட்கலாம். மதுரை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்து, ஊரில் விட்டுவந்த உறவினரின் நலம் அறியாது வாடிய மக்களுக்கு எழுத்தறிந்த ஒருவரின் அண்மை சிறிய காரியமன்று. ஒரே மனிதரின் இரு வகைப் பேச்சுக்களுள் முன்னையது அறிக்கைக்குப் பயன்பட்டது. பின்னையதே மக்களுக்குப் பயன்பட்டது என்பது எமது துணிபு. தோட்டப் பாடசாலைகளின் தோற்றமும் இப்பின்னைய வகைத் தொடர்பின் விளைவாகவே கொள்ளத்தக்கது.

பதுளை நகரிலும் இதற்கொரு சிறு சான்று உண்டு. 1857இல் எழுப்பப்பெற்ற பரிசுத்த மாற்கு ஆலயம், 1845 யூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸின் நினைவாக அமைந்தது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராயிருந்த அவர், யானைகளை எண்ணிறந்து சுட்டுக் கொன்றவர் எனப் பேர்பெற்றவர். ஆலயத்தின் நினைவுக் கல் ஆங்கிலத்தில் அவர் புகழ் கூறும். அக்காலத்தில் அவ்வாலயத்தைக் கடந்து சென்ற தோட்டத் தமிழனுக்கோ கிராமத்துச் சிங்களவனுக்கோ அக்கல் யாதும் கூறியிராது.

பொதுமேடையிற் சபைகள் தம்முட் பூசலிடுவதும் புதிதன்று. 1876இல் கொழும்பின் அங்கிலிக்கன் மேற்றிராணியாராக வந்த றெஜினால்ட் கொப்பிள்ஸ்ரன், கோப்பி மாவட்டங்களிற் குருமார் பணியைத் தம் ஆட்சிக்குட் கொண்டுவர முனைந்தார். பல சபைகளைச் சேர்ந்த துரைமாரின் நிதியால் இயங்கிய தமிழ்க் கூலி மிஷனோ தன் வழியை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. இணக்கம் காணாத நிலையில், மேற்றிராணியார் சேர்ச் மிஷனறிச் சங்கக் குருமாருட் பெரும்பாலோரின் உரிமப் பத்திரங்களை மீளப் பெற்றார். பிணக்கு இங்கிலாந்து வரை சென்று 1880 அளவிலேயே ஒருவாறு தணிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் கட்சி கட்டிக்கொண்டு பத்திரிகைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் இரு சாராரும் எழுதினர். சடங்கு, ஆடை, அதிகாரம் ஆகியன பற்றிய அவ்வாதங்கள் கற்றார்க்குச் சுவை பயப்பனவே. ஆனால் யார் பொருட்டு இம்மிஷன் நடைபெற்றதோ அம்மக்களின் கருத்தினை அறிய எவரும் முயன்றதாகத் தெரியவில்லை. அதே காலத்தில் இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. 1876–78இல் தென்னிந்தியாவிற் பெரும் பஞ்சம். பட்டினியால் உந்தப்பட்டு மக்கள் இலங்கை மலைகளை நோக்கி வந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அவர்களின் ஆன்ம மேற்பார்வை எவருக்கு உரியது என்ற வழக்கு ஆங்கிலத்தில் நடந்தது. இன்று சபைக்குச் சபை ஒருவர் போதனையை மற்றவர் மறுத்து வலையொளியில் இடும் காணொளிகளைக் காணுமிடத்து இப்பழைய துண்டுப்பிரசுரங்கள் நினைவுக்கு வருதல் இயல்பே.

1880களில் மெதடிஸ்தப் பாதிரியார் சாமுவேல் லாங்டன் ஊவாவிற் பணி தொடங்கியதும், புகையிரதம் 1894இற் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் அடைந்ததும் அடுத்த கட்டத்துக்கு உரியன. புகையிரதம் தேயிலையை இறக்கியது போலவே அச்சிட்ட தாளை ஏற்றியது. இக்காலத்தில் திருச்சபைகளுக்குப் போட்டியாக வேறொரு குரல் மலையகத்தில் எழுந்தது. கோ. நடேசையர் 1924 முதல் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். தோட்டம் தனியாரின் நிலம். அனுமதியின்றி நுழைவது அத்துமீறல். மிஷனறிக்குத் திறந்த வாயில் நடேசையருக்கு மூடியிருந்தது. புடைவை வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் அவர் புகுந்த கதை மலையகத்தில் நன்கறியப்பட்டது. அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் இயற்றிய பாடல்கள் 1940இற் சிறு நூலாக வெளிவந்தன. கூட்டங்களில் அவர் பாட, மக்கள் அவற்றைக் கேட்டுத் தாமும் பாடினர். எழுதப் படிக்கத் தெரியாதார்க்குப் பாட்டே பத்திரிகை. மெட்டு மக்களுக்குப் பழகியது. பொருளோ அவர்தம் சம்பளமும் உரிமையும். கிறித்தவத் துண்டுப்பிரசுரம் மிகுந்த செலவில் எட்டமுடியாத இடத்தை இது எளிதில் எட்டியது. துரையின் அனுமதி மிஷனறிக்குத் தந்தது வாயிலை மட்டுமே என்பதனை இவ்வொப்பீடு காட்டுகின்றது.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இல் நடந்தது. இத்தகைய மக்களிடையே திருச்சபை எம்மொழியில், எவர் சார்பிற் பேசுவது என்ற வினா இதன்பின் தவிர்க்கமுடியாததாயிற்று. 1972 டிசம்பரில் பதுளை மறைமாவட்டம் உருவானது. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, வளமும் வசதியும் மிக்க அவ்விடத்தை விட்டுப் புதிய, வறிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராகத் தாமே விரும்பி வந்தார். தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டதும், 1973–74இல் உணவுப் பஞ்சம் தோட்டங்களைத் தாக்கியதும் அவர் வந்த காலத்து நிகழ்ச்சிகள். பண்டாரவளையில் அவர் நிறுவிய ‘சேவக செவன’ குருமடத்திற் சிங்களரும் தமிழரும் ஒன்றாகப் பயின்றனர். குருவாக வருபவர் இரு மொழியும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது ஊவாவைப் பொறுத்தவரை இலட்சியம் மட்டுமன்று, நடைமுறைத் தேவையுமாகும். ஒரு மொழியில் மட்டும் பேசும் குரு, மறுமொழியாளர் தன்னைப் பற்றி என்ன பேசுகின்றனர் என்பதை அறியமாட்டார். 1971இல் வத்திக்கான் வெளியிட்ட தொடர்புச் சாதனங்கள் பற்றிய விரிவான அறிவுறுத்தல் உரையாடலை வலியுறுத்தியதெனின், அதனை ஏட்டில் விடாது நடத்திப் பார்த்தவர் என லியோ ஆண்டகையைக் கூறலாம். 1982இல் அவர் காலமானார்.

அவர் அழைப்பின் தொடர்ச்சியாகவே மைக்கல் றொட்றிகோ அடிகளாரையும் நோக்கல் வேண்டும். உரோமையிலும் பாரிசிலும் கலாநிதிப் பட்டம் பெற்ற இவ்வமலமரித் தியாகி, 1980இல் ஊவாவின் கீழ்ப்புறத்தே புத்தள என்னும் பகுதியிற் பௌத்தச் சிற்றூரொன்றில் ‘சுபசெத் கெதர’ என்னும் இல்லத்தை அமைத்துக் குடியேறினார். எவரையும் மதமாற்றம் செய்ய அவர் வரவில்லை. தொடக்கத்தில் ஊரார் ஐயுற்றனர். அவர் விவசாயிகளின் வாழ்வை அவர்களிடமே கற்றார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர் நடத்தியது ஊடகப் பணியன்று என ஒருவர் கூறலாம். ஆயின், பெரும்பான்மையினர் நடுவே சிறுபான்மைச் சபை எவ்வாறு வாய் திறக்க வேண்டும் என்பதற்கு ஊவாவில் இதற்கு நிகரான எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்திலது. பேசுவதற்கு முன் நெடுங்காலம் கேட்டல் என்பதே அவர் முறை.

அச்சொல்லும் படமும் கொலைக்குத் துணைபோகும் என்பதையும் ஊவா கண்டுள்ளது. 1983 யூலை 27ஆம் திகதி பதுளை நகரிற் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்கு முன் நாட்களிற் கொழும்பிலிருந்து வந்த செய்தியும் வதந்தியும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலாற் கொல்லப்பட்டனர். அதற்கு முன்னைய இரவிலேயே முகாமை அகற்றுமாறு கோரும் சுவரொட்டிகள் அப்பகுதியில் ஒட்டப்பட்டிருந்தன. சுவரொட்டிக்குக் கையொப்பம் இல்லை. மறுப்பவருக்கு முகவரி இல்லை. இன்று கைத்தொலைபேசியில் ஒருவரிடமிருந்து நூறு பேருக்குச் செல்லும் பெயரற்ற செய்தியின் முன்னோடி இதுவே. 2018 மார்ச்சிற் திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை பரவியபோது முகநூல் அதற்குக் களமாயிற்று. சிங்களம் அறிந்த கண்காணிப்பாளர் போதியளவு அந்நிறுவனத்தில் இருக்கவில்லை. 2020இல் அது தன் பங்குக்கு மன்னிப்புக் கோரியது. 2019 ஏப்ரில் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களே தாக்கப்பட்டன. அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. அவ்வேளையில் பழிவாங்கலைத் தவிர்க்குமாறு கத்தோலிக்கத் தலைமை விடுத்த வேண்டுகோள், தடைசெய்யப்பட்ட ஊடகத்தினும் கூடுதலாகத் தொலைக்காட்சியாலும் பங்குக் குருமாரின் வாய்மொழியாலுமே மக்களைச் சென்றடைந்தது.

2023 மே மாதத்தில் மற்றொரு நிகழ்ச்சி. சுவிசேஷப் போதகர் ஒருவர் தம் கூட்டத்தில் ஆற்றிய பிரசங்கத்திற் பிற மதங்களைத் தாழ்த்திக் கூறியதாகக் காணொளி பரவியது. மண்டபத்துள் கைதட்டலைப் பெற்ற சொல் நாடு முழுவதிலும் சினத்தைக் கிளப்பியது. ஆண்டு முடிவில் அவர் கைதும் செய்யப்பட்டார். சட்டத்தின் நியாய அநியாயம் ஒருபுறமிருக்க, அதன் விளைவை நினைத்தல் வேண்டும். நகரத்து மண்டபத்திற் பேசியவருக்குக் காவலும் வழக்கறிஞரும் உண்டு. பசறையிலோ மடுல்சீமையிலோ பௌத்த, இந்து அயலவரிடையே வாழும் பத்துக் கிறித்தவக் குடும்பங்களுக்கு அவை இல்லை. ஊவாவிற் சபையொன்று தன் ஞாயிறு பிரசங்கத்தை நேரலையாக இடுமாயின், அயல் விகாரையின் பிக்குவும் கோயிற் பூசகரும் முன்வரிசையில் அமர்ந்திருப்பதாகக் கொண்டே குரு பேசுதல் வேண்டும். அவர்கள் முன் கூறமுடியாத சொல்லை அவர்கள் இல்லாதபோது கூறுவது முன்னரும் நேர்மையன்று. இப்போது அபாயமும் ஆகும்.

படத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டன. அப்பகுதி குடியிருக்கத் தகுந்ததன்று எனக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அவ்வெச்சரிக்கை காகிதமாக நின்றது. மக்களைக் காப்பாற்றும் அளவுக்கு அது கீழிறங்கவில்லை. சரிவின் பின்போ அழுத முகங்கள் ஒரே நாளில் உலகெங்கும் பரவின. தேவையான செய்தி மலையிலிருந்து லயத்துக்கு இறங்கப் பத்தாண்டு போதவில்லை. லயத்தின் துயரம் வெளியே செல்ல ஒரு மணிநேரம் போதியதாயிருந்தது. நிவாரணம் அளிப்பவர், சபையாயினும் சங்கமாயினும், அரிசிப் பையைப் பெறுபவரின் முகத்தைப் படம்பிடித்து இடுவதை வழக்கமாக்கியுள்ளனர். கொடுத்தோர்க்குக் கணக்குக் காட்டல் வேண்டும் என்பது அதற்குக் கூறும் காரணம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அச்சான அறிக்கைகளின் காரணமும் அதுவே. வேறுபாடு ஒன்றுண்டு: படத்திலுள்ளவரின் மகள் இன்று பாடசாலையில் அப்படத்தைத் தன் தோழியின் கையிற் காண்கிறாள். அரிசிக்கும் கூரைத் தகரத்துக்கும் செலவிட்ட பணத்துக்குப் பற்றுச்சீட்டே போதுமான சான்று. முகம் தேவைப்படின் அவருடைய சம்மதத்தைக் கேட்டல் வேண்டும்; உதவி கையிற் கிடைக்கும் முன் கேட்கும் சம்மதம் சம்மதமாகாது.

2020 மார்ச்சிற் கொரோனாத் தொற்றால் ஆலயங்கள் மூடப்பட்டபோது நேரலை வழிபாடு பரவலாயிற்று. நகர்ப்புறச் சபைகள் இதனைப் பெரும் வெற்றியாகக் கருதின. பதுளை மாவட்டத்து நிலை வேறு. 2021இற் பொகிட்டியாவச் சிற்றூர்ப் பிள்ளைகள் இணைய வழிப் பாடத்துக்குச் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலையுச்சிக்கு நடந்து சென்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. பாடத்துக்கே இந்நிலையெனின் இரண்டு மணிநேர ஆராதனைக்கு டேட்டா எங்கிருந்து வரும்? குடும்பத்துக்கு ஒரு கைத்தொலைபேசி, அதுவும் மூத்த மகனோடு கொழும்புக்குச் சென்றுவிட்டதெனின், நேரலை எவரைச் சேரும்? இத்தகைய இடங்களில் ஐந்து நிமிடக் குரற்பதிவு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவது மேல். பெற்றவர் அதனை லயத்தின் முன் பலர் கேட்க ஒலிக்கவிடலாம், தம் குரலிலேயே மறுமொழியும் அனுப்பலாம். எழுத்துக் கூச்சம் உடைய முதியோருக்கு இவ்வசதி பெரிது. மீனாட்சியம்மையாரின் பாட்டுக்கு இருந்த ஆற்றலிற் சிறுபகுதி குரற்பதிவுக்கும் உண்டு எனலாம்.

திருச்சபைகளும் இத்துறையில் நெறிமுறைகளை வகுக்கத் தொடங்கியுள்ளன. இங்கிலாந்துத் திருச்சபை 2019 யூலையில் இணையச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. உண்மை, கனிவு, வரவேற்பு முதலிய பண்புகளை அது வலியுறுத்துகின்றது. வத்திக்கானின் தொடர்புத் துறை 2023 மே 28ஆம் திகதி சமூக ஊடக ஈடுபாடு பற்றிய ஆவணம் ஒன்றை வெளியிட்டது. நல்ல சமாரியன் உவமையை மையமாகக் கொண்ட அது, வழியில் வீழ்ந்து கிடப்பவனைக் கண்டு நிற்றலை எடுத்துரைக்கின்றது. இவ்விரண்டும் நன்கு எழுதப்பட்டவை. எனினும் ஊவாவுக்கு இவற்றோடு வேறு சில சேர்க்கப்படல் வேண்டும். பக்கத்தைப் பார்த்துக்கொள்பவருட் தமிழ் அறிந்தவரும் சிங்களம் அறிந்தவரும் இருத்தல் முதலாவது. வதந்தி எழும்பும் இரவில் இரு மொழியிலும் மறுப்பு எழுத, விடியும்வரை காத்திருக்க முடியாது. பிந்துனுவெவச் சுவரொட்டிக்கும் கொலைக்கும் இடையே இருந்தது ஓரிரவே. அயல் விகாரை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் பொறுப்பாளரது தொலைபேசி இலக்கம் அன்றைக்கு முன்னரே கையில் இருத்தல் வேண்டும். மற்றையது, பக்கத்தின் பொறுப்பு நகரத்து ஆலய அலுவலகத்தில் மட்டும் தங்கிவிடாது, தோட்டத்து இளைஞர் கையிலும் இருத்தல். துரையின் அனுமதிக்குப் பதிலாகக் குருவின் அனுமதி என்ற அளவில் மாற்றம் நின்றுவிடின், பிரட்டுக்களத்தினின்று நாம் நெடுந்தூரம் வந்துவிடவில்லை.

தோட்ட இளைஞர் எவர் கற்பிக்கவும் காத்திராது இவ்வூடகத்தைப் பயின்றுவிட்டனர் என்பதும் நோக்கத்தக்கது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி நாட்சம்பளம் ஆயிரம் ரூபா கோரி, கறுப்பு உடை அணிந்த மலையக இளைஞர் ஆயிரக்கணக்கிற் கொழும்பு காலிமுகத்திடலிற் திரண்டனர். கடைகளிலும் விடுதிகளிலும் தொழில் செய்த தோட்டப் பிள்ளைகள் அவருட் பலர். அவர்களை ஒன்றுகூட்டிய அழைப்பு முகநூலிற் பரவிற்று. அச்சம்பளம் வர்த்தமானியிற் பிரசுரமாக 2021 மார்ச் வரை செல்லவேண்டியிருந்தது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் அவ்விளைஞர் எழுதியனவும் பகிர்ந்தனவும் தமிழில், எவரும் படிக்கக்கூடிய நிலையில், அங்கேயே கிடந்தன. தமிழ்க் கூலி மிஷனின் அறிக்கைகளில் இடம்பெறாத மறுமொழி அதுவே. ஊவாவிற் புதிதாகப் பக்கம் தொடங்க எண்ணும் சபை எதுவும் தன் முதற் செய்தியை எழுதுமுன், அவ்விளைஞரின் பக்கங்களைச் சில மாதம் படித்துவருதல் நன்று.